இன்னொரு ஈசிஆர்

சென்னைக்காரரிடம் ‘ஈசிஆர்’ என்று சொன்னால், கடலோரமாக மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஓடும் சாலைதான் அவர் நினைவுக்கு வரும். பண்ணை வீடுகள், கேளிக்கைப் பூங்காக்கள், ஞாயிற்றுக்கிழமை நெரிசல் எனக் காசு புழங்கும் சாலை அது. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் போனால் அதே மூன்றெழுத்துக்குப் பொருளே வேறு. வளைகுடாவுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட், பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, “ஈசிஆரா, ஈசிஎன்ஆரா?” என்பதுதான். ஈசிஆர் என்பது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற தொடரின் ஆங்கிலச் சுருக்கம்; ஈசிஎன்ஆர் என்றால் அந்தச் சோதனை ‘தேவையில்லை’. பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஈசிஆர் என்று அச்சாகி வரும். தேறியவர் பாஸ்போர்ட்டில் வராது. இருவருக்கும் ஒரே நீல அட்டை, ஒரே சிங்க முத்திரை, ஒரே 1,500 ரூபாய் கட்டணம். ஆனால் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக ஒருவர் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், இன்னொருவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்த அனுமதிக்கு அடிப்படை 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான், லிபியா, ஏமன் உள்ளிட்ட 18 நாடுகள் பட்டியலில் இருக்கின்றன. ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இவற்றில் ஒன்றுக்கு வேலைக்குக் கிளம்பினால், ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்ற அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். சென்னை உட்படப் பல நகரங்களில் அவருக்கு அலுவலகம் உண்டு. 2014 முதல் எல்லாம் ‘இ-மைக்ரேட்’ இணையதளம் வழியாக நடக்கிறது. வேலை ஒப்பந்தம் சரியா, சம்பளம் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கிறதா, ஏஜென்ட்டுக்கு உரிமம் உண்டா என்று பார்ப்பார்கள். கட்டணம் 200 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக உடல் முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்படி ஒரு காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, வரி நீங்கலாக 30,000 ரூபாய். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. ஏழைத் தொழிலாளி ஏமாந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது.

கோளாறு அந்த நல்லெண்ணம் நிற்கும் இடத்தில் இருக்கிறது. தொழிலாளிக்கு ஆபத்து ரியாத்திலும் குவைத்திலும் மஸ்கட்டிலும் காத்திருக்க, அரசின் காவல் மீனம்பாக்கத்திலும் திருச்சியிலும் நிற்கிறது. கிளம்புகிறவரைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்க நமக்கு ஒரு சட்டமும் பதவியும் கணினியும் முத்திரையும் உண்டு. போய்ச் சேர்ந்தவருக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்றால் அவர் பக்கத்தில் போய் நிற்க அதே அளவுக்கு ஆள் கிடையாது. வாசல் காவலைக் கலைத்துவிட்டு, அதற்குச் செலவாகும் ஆளையும் பணத்தையும் தூதரகங்களின் தொழிலாளர் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சொல்ல எளிது, எதிர்ப்பில் நியாயமும் உண்டு. அதற்கு வருமுன் இந்தக் காவல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்ற பதவிப் பெயர் நம் காலத்துக் கண்டுபிடிப்பில்லை. மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய காலத்திலேயே மதராஸ் துறைமுகத்தில் அந்தப் பெயரில் அதிகாரி இருந்தார். கூலி தன் விருப்பத்தோடுதான் போகிறானா என்று கேட்டுப் பதிவது அவர் வேலை. கரும்புத் தோட்டத்துக்குப் போன பிறகு சவுக்கடி பட்டவனை அந்த மதராஸ் பதிவேடு காப்பாற்றவில்லை. 1917-ல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. 1922-ல் வந்த சட்டம், அரசு அறிவித்த நாடுகளுக்கு மட்டுமே கூலி வேலைக்குப் போகலாம் என்றது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் வழியாகப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். இலங்கைக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, நோய் பார்த்து, பதிவு செய்து அனுப்பினார்கள். தோட்டங்களில் நிலைமை மோசமானபோது இந்திய அரசு கையில் எடுத்த ஆயுதமும் வாசலை அடைப்பதுதான்: 1938-ல் மலாயாவுக்கும் 1939-ல் இலங்கைக்கும் கூலி ஆட்களை அனுப்புவதற்குத் தடை வந்தது. அரசு பேச விரும்பியது தோட்ட முதலாளியோடு. அடைபட்டது தொழிலாளியின் வழி. 1983 சட்டம் இந்த மரபின் பேரப்பிள்ளை. வெள்ளைக்காரன் போனான், துறைமுகம் விமான நிலையமானது, பதவிப் பெயர்கூட மாறவில்லை.

சரி, பாதுகாப்பு யாருக்குத் தேவை என்பதை இந்த முறை எப்படி முடிவு செய்கிறது? பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்து. ஒரு வீட்டில் அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டார், தம்பி கணக்கில் 35 வாங்கிப் பத்தில் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே கம்பெனிக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போகிறார்கள். அதே முகாம், அதே மேஸ்திரி, அதே வெயில். அண்ணனை அரசு சோதிக்கும், தம்பியைச் சோதிக்காது. 2020-லும் 2021-லும் கொரோனா காரணமாகத் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அது நியாயமான முடிவு. ஆனால் அந்த இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரு நாள்கூடத் தேர்வு எழுதாமல், ‘வெளிநாட்டில் ஏமாற மாட்டார்கள்’ என்று அரசு கருதும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். வருமான வரி கட்டுகிறவருக்கும் 50 வயது தாண்டியவருக்கும் விலக்கு உண்டு. ஐம்பது வயதில் ஒருவர் திடீரென்று விவரமானவராக ஆகிவிடுவார் போலும். இந்த அளவுகோலில் அரசுக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதற்கு 2015-ல் வந்த உத்தரவே சாட்சி. இந்தப் 18 நாடுகளுக்குப் போகும் செவிலியர்கள், பட்டதாரிகளே ஆனாலும், குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும், குறிப்பிட்ட அரசு முகமைகள் வழியாகத்தான் போக வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. செவிலியர்களிடம் லட்சக்கணக்கில் கறந்த கும்பல்களைப் பார்த்த பிறகு வந்த உத்தரவு அது. ஆபத்து படிப்பில் இல்லை, வேலை கிடைக்கும் விதத்தில் இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம். ஆனாலும் மற்றவர்களுக்குப் பழைய அளவுகோலே தொடர்ந்தது.

நாடுகளின் பட்டியலும் இதே லட்சணம்தான். கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரை மீனவர்கள் பல ஆண்டுகளாக ஈரான் படகுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். 2020-ல் கொரோனாவால் அங்கே சிக்கிக்கொண்டு, சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் படகுகளிலேயே கிடந்தவர்களை மீட்கக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாசுக்குப் போக வேண்டியிருந்தது. ஜூலை 1-ஆம் தேதி தூத்துக்குடியில் 687 பேர் வந்து இறங்கினார்கள். ஈரான் அந்தப் 18 நாடுகளில் இல்லை. கம்போடியா இல்லை, லாவோஸ் இல்லை, மியான்மர் இல்லை. கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பிப் போன இளைஞர்களை மியான்மரின் மியாவாடிப் பக்கம் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்ய வைத்த கதை ஊரறிந்தது. 2025 மார்ச்சில் மட்டும் தாய்லாந்து எல்லை வழியாக 549 பேரை விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். தாய்லாந்து பட்டியலில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்து என்ன பயன்? இவர்களில் பலர் பட்டதாரிகள், ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட்காரர்கள். பாங்காக்கில் இறங்கச் சுற்றுலாப் பயணி என்று சொன்னால் போதும். சோதனை தேவைப்பட்டவர்கள் சோதனை இல்லாத வரிசையில் நின்று விமானம் ஏறினார்கள்.

வாசலில் பெரிய ஓட்டையும் ஒன்று உண்டு, அது சட்டத்திலேயே இருக்கிறது. வேலை தவிர்த்த வேறு காரணத்துக்குப் போனால், ஈசிஆர் பாஸ்போர்ட்டுக்கும் அனுமதி தேவையில்லை. முறையான விசாவும் திரும்பி வரும் டிக்கெட்டும் இருந்தால் போதும். விசிட் விசாவில் துபாயில் இறங்கி, அங்கேயே வேலை தேடி, வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம். ஏஜென்ட்டுக்கு இதுதான் ராஜபாட்டை. 30,000 ரூபாய் உச்சவரம்பு அவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் ஏட்டில் அவர் ஆளே எடுக்கவில்லை, டிக்கெட்தான் போட்டுக் கொடுத்தார். ஒப்பந்தம் யாரும் பார்ப்பதில்லை, காப்பீடு இல்லை, இ-மைக்ரேட்டில் அந்த மனிதரின் பெயரே இல்லை. வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, 2014-ல் சுமார் 8 லட்சம் பேருக்குக் குடிபெயர்வு அனுமதி வழங்கப்பட்டது. 2017-ல் அது 4 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இந்த வீழ்ச்சி முழுவதையும் விசிட் விசாவின் தலையில் கட்டினால் அது நேர்மையாகாது. 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிந்தது, சவுதியில் உள்ளூர்க்காரருக்கே வேலை என்ற கொள்கை இறுகியது, பத்தாவது தேறியவர்கள் பெருகினார்கள். ஆனால் வாசலில் கெடுபிடி கூடினால் கூட்டம் பின்கட்டு வழியாகப் போகும் என்பதை மறுக்க முடியாது. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. ஈசிஆர் பாஸ்போர்ட்டில் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. 27 வயதில் கடனோடும் இரண்டு பிள்ளைகளோடும் நிற்கும் பெண் மூன்று ஆண்டு காத்திருக்கப் போவதில்லை. விசிட் விசாவில் போவார். வீட்டு வேலைக்குப் போன இடத்தில் கதவு பூட்டப்பட்டால், அவர் அங்கே இருப்பதே எந்த அரசு ஏட்டிலும் இராது.

2018 ஜனவரியில் ஒரு கூத்து நடந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாய், தந்தை, முகவரி அச்சிடுவதை நிறுத்தப் போகிறோம், ஈசிஆர் குறிப்போடு அந்தப் பக்கமே போய்விடுவதால் ஈசிஆர்காரர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை கொடுப்போம் என்று அமைச்சகம் அறிவித்தது. படிக்காதவன் என்பதை அட்டையிலேயே எழுதி ஒட்டுவதா என்று கேரளத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. மாதம் முடிவதற்குள், ஜனவரி 30 அன்று, திட்டத்தைக் கைவிட்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் கோபம் நிறத்தோடு நின்றுவிட்டது. அட்டை நீலமாகவே இருக்க, உள்ளே பிரிவினையும் அப்படியே இருக்கிறது. வெளிநாடு செல்வது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சொன்னது. அதன் விளைவாகவே அந்த ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கில், பாஸ்போர்ட்டைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக, நேர்மையானதாக இருக்க வேண்டும் என்று இன்னும் அழுத்திச் சொன்னது. ஒரு தொழிலதிபரும் ஓர் அரசியல் குடும்பத்து மருமகளும் போராடி வாங்கிய உரிமை அது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற கொத்தனாருக்கு அது ‘அனுமதிக்கு உட்பட்டு’ என்ற அடிக்குறிப்போடு கிடைக்கிறது.

போய்ச் சேர்ந்த இடத்துக்கு வருவோம். விமானத்திலிருந்து இறங்கி முகாமுக்குப் போனதும் பல கம்பெனிகளில் முதலில் நடப்பது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது. அமீரகம், சவுதி, கத்தார், குவைத் எல்லா நாடுகளிலும் சட்டமோ அரசாணையோ அதைத் தடை செய்கிறது. நம் 1967 சட்டத்தின்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. வைத்திருப்பவருக்கே அது சொந்தமில்லை எனும்போது, ‘கஃபீல்’ என்ற முதலாளிக்கு எப்படிச் சொந்தமாகும்? ஆனாலும் அலுவலக இரும்புப் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள், “பத்திரமாக இருக்கட்டும்” என்று சொல்லி. தொழிலாளி கையில் மிஞ்சுவது ‘இக்காமா’ என்கிற அடையாள அட்டை. அதையும் முதலாளி புதுப்பிக்காமல் விட்டால் தெருவில் போலீஸ் பிடிக்கும். சண்டை போட்டு வெளியே வந்தால், ஓடிப்போய்விட்டான் என்று முதலாளி ஒரு புகார் பதிவார். சவுதியில் அதற்கு ‘ஹுரூப்’ என்று பெயர்; வளைகுடாத் தமிழர்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கும் தொனியிலேயே அதன் கனம் தெரியும். அதன் பிறகு அவர் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடலாம். இனி அவர் ஊர் திரும்புவது பெரும்பாலும் மூன்று பேர் கையில் இருக்கிறது: முதலாளி, அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை, இந்தியத் தூதரகம். இந்த மூன்றில் அவர் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய ஒரே இடம் கடைசி ஒன்றுதான்.

அந்த இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? சவுதியில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். நிலப்பரப்பு இந்தியாவின் மூன்றில் இரண்டு பங்கு. இந்தியாவுக்கு அங்கே ரியாத்தில் ஒரு தூதரகம், ஜித்தாவில் ஒரு துணைத் தூதரகம். தம்மாமில் வேலை பார்ப்பவர் ரியாத்துக்கு வர 400 கிலோமீட்டர். பாஸ்போர்ட் புதுப்பிக்க விண்ணப்பம் வாங்கும் தனியார் மையங்கள் வேறு ஊர்களிலும் உண்டு, தூதரக ஊழியர்கள் அவ்வப்போது மற்ற நகரங்களுக்கு வந்து முகாம் போடுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் வாங்குபவர் முதலாளிக்கு போன் போட்டு, “இந்த ஆளுக்கு ஏன் சம்பளம் கொடுக்கவில்லை” என்று கேட்க முடியாது. கேட்கக்கூடிய தூதரக அதிகாரியைப் பார்க்க வேலை நாளில் விடுப்பு வேண்டும், விடுப்பு கொடுக்க வேண்டியவர் அதே முதலாளி. துபாய், ஷார்ஜா, ரியாத், ஜித்தா, கோலாலம்பூரில் இந்தியத் தொழிலாளர்களுக்கான உதவி மையங்கள் இருக்கின்றன. 2015-ல் தொடங்கிய ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதிந்து எண் வாங்கலாம். இவை பயன்படுகின்றன. ஆனால் புகார் எண் என்பது மறுமுனையில் அந்தப் புகாரை எடுத்துக்கொண்டு லேபர் கோர்ட்டுக்குப் போக ஆள் இருக்கும்போதுதான் மதிப்புள்ளதாகிறது.

தூதரகச் சேவை என்றால் என்ன என்பதைச் சாவில்தான் முழுதாகப் பார்க்க முடியும். ஒரு தொழிலாளி இறந்துவிட்டால், மருத்துவமனை அறிக்கை, போலீஸ் அறிக்கை, அந்நாட்டு இறப்புச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு, குடும்பத்தாரின் சம்மதக் கடிதம், முதலாளியின் கணக்கு முடிப்பு, உடலைப் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று என ஒரு கட்டு காகிதம் சேர வேண்டும். கடைசியில் தூதரக ஊழியர் இறந்தவரின் பாஸ்போர்ட்டை எடுத்து, ‘ரத்து’ என்று முத்திரை குத்தி, மூலையைக் கத்தரிப்பார். பெட்டியோடு அந்த மூலை வெட்டிய பாஸ்போர்ட்டும் வீட்டுக்கு வரும். விவரமான ஆள் ஒருவர் கூடவே அலைந்தால் சில நாளில் முடிகிற வேலை. இல்லாவிட்டால் பிணவறையில் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில். பல ஊர்களில் இப்படி அலைபவர்கள் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் இல்லை. அங்கே பிழைக்கப் போன நம்மூர் சமூக ஆர்வலர்கள். 2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் தங்கும் கட்டடம் எரிந்து 45 இந்தியர்களின் உடல்கள் வந்தபோது, தூதரகம் விரைந்து வேலை செய்தது. இரண்டே நாளில் விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. இறந்தவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தால் இயந்திரம் இவ்வளவு வேகமாகச் சுழலும் என்று அது காட்டியது. தனியாகச் சாகிறவருக்கு அந்த வேகம் வாய்ப்பதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தக் கட்டடத்தில் மாண்டவர்களில் பட்டதாரிகளும் இருந்தார்கள். தீ யாருடைய பாஸ்போர்ட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

இனி எதிர்வாதங்கள். வாசல் காவலை எடுத்துவிட்டால் ஏமாறுகிறவர் எண்ணிக்கை கூடும், இருக்கிற காப்பீடும் பதிவும் போய்விடும் என்பது முதலாவது. இதில் பாதி உண்மை. பதிவும் காப்பீடும் தேவை. ஆனால் அவற்றுக்கு அனுமதி என்ற பூட்டு தேவையில்லை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும், டாக்டரானாலும் டிரைவரானாலும், தன் பெயரையும் முதலாளி பெயரையும் பதிந்துவிட்டு 275 ரூபாய் காப்பீட்டோடு போகட்டும். பதிவு செய்தால் தடுக்கப்படுவோம் என்ற பயம் இல்லாதபோதுதான் ஆட்கள் உண்மையைப் பதிவார்கள். விசிட் விசாவில் போய் அங்கே வேலை மாற்றிக்கொண்டவரும் போன இடத்திலிருந்தே பதிவார். வாசலில் சரிபார்க்கப்படும் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு உறுதியான கேடயம் என்பதையும் பார்த்துவிடலாம். 2020 செப்டம்பரில் வளைகுடா நாடுகளுக்கான அந்தத் தொகையை அரசே ஒரு சுற்றறிக்கையில் 30 முதல் 50 சதவீதம் வரை வெட்டியது. வேலை போய்விடக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். தெலங்கானாவில் வழக்கு, தொழிலாளர் அமைப்புகளின் எதிர்ப்பு என்று வந்த பிறகு, 2021 ஜூலையில் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். நடுவில் போனவர்களுக்கு அந்தக் கேடயம் பாதியாகத்தான் இருந்தது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. ஆள் அனுப்புவதில் உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லப்படும் பிலிப்பைன்ஸும் வாசலில் சான்று கேட்கிறதே? கேட்கிறது. ஆனால் அங்கே அது பள்ளிப் படிப்பைப் பார்த்து வருவதில்லை. வேலைக்குப் போகும் எல்லோருக்கும் உண்டு. அதைவிட முக்கியம், அவர்களின் பலம் மறுமுனையில் இருக்கிறது. 1995 மார்ச்சில் சிங்கப்பூரில் ஃப்ளோர் கொன்டெம்ப்லாசியன் என்ற பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டார். தூதரகம் அவருக்கு என்ன செய்தது என்று மக்கள் கொதித்தார்கள். அமைச்சர்கள் பதவி போனது. அதே ஆண்டு குடிபெயர்ந்த தொழிலாளர் சட்டம் வந்தது. அந்நாட்டுத் தொழிலாளர்கள் 20,000 பேர் இருக்கும் நாடுகளில் தூதரகத்துக்குள்ளேயே உதவி மையம் வேண்டும், அது சனி, ஞாயிறு, விடுமுறை நாள் பாராமல் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். பிலிப்பைன்ஸ் தொழிலாளிக்கு எல்லாம் நலமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின்படி கதவு மூடியிருந்தால் அது அரசின் குற்றம். நம் ஊரில் மையம் திறப்பது அரசின் கருணை.

அடுத்தது தூதரகங்களே சொல்வது: “அது அவர்கள் நாடு, அவர்கள் சட்டம், நாங்கள் என்ன செய்ய முடியும்?” நிறையச் செய்ய முடியும் என்று இந்தியாவே ஹேக் நகரில் வாதாடியிருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் தன் குடிமக்களின் நலனைக் காப்பதைத் தூதரகத்தின் கடமைகளில் ஒன்றாக வைக்கிறது. கைதானவரைத் தூதரக அதிகாரி சந்திக்கும் உரிமையை 36-ஆம் பிரிவு தருகிறது. பாகிஸ்தான் கைது செய்த இந்தியர் குல்பூஷன் ஜாதவின் வழக்கில் அந்நாடு அந்தப் பிரிவை மீறியது என்று 2019 ஜூலை 17 அன்று சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பை வாங்கிய நாடு நம்முடையது. ஒருவருக்காக அவ்வளவு தூரம் போனது பெருமைக்குரியது. 2025-ல் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி வெளிநாட்டுச் சிறைகளில் இருக்கும் இந்தியர்கள் 10,000-க்கும் மேல். அதிகம் பேர் அமீரகத்திலும் சவுதியிலும். அவர்களுக்கும் அதே 36-ஆம் பிரிவுதான். சிறைக்குப் போய்ப் பார்க்க, மொழிபெயர்ப்பாளரை அமர்த்த, லேபர் கோர்ட்டில் வக்கீல் வைக்க அந்நாட்டு அரசு தடை போடவில்லை. தேவை ஆட்கள், தமிழும் தெலுங்கும் போஜ்புரியும் அரபியும் தெரிந்த ஆட்கள்.

பணம்? அது ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் தொழிலாளிகளின் பணம். வெளிநாட்டில் பாஸ்போர்ட் புதுப்பிக்கவோ சான்றொப்பம் வாங்கவோ போகும் இந்தியர் கட்டும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கப்படுகிறது. 2009-ல் தொடங்கிய இந்திய சமூக நல நிதிக்கு அது போகிறது. சிக்கியவருக்குத் தங்குமிடம், டிக்கெட், உடலை அனுப்பும் செலவு, சட்ட உதவி எல்லாம் அந்த நிதியிலிருந்து கொடுக்கலாம். 2017-ல் விதிகளை இன்னும் தளர்த்தினார்கள். வளைகுடாவில் மட்டும் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் இருக்கும்போது, அந்தச் சிறு தொகைகள் எவ்வளவாகத் திரளும் என்று யோசித்தால் பணமில்லை என்ற பேச்சு எழாது. ஆனால் அந்த நிதி இருப்பதே பெரும்பாலான தொழிலாளிகளுக்குத் தெரியாது. தருமம் கேட்பதுபோல் கவுன்டரில் கூனிக் குறுகி நிற்கிறார்கள். தங்கள் உண்டியலைத் தாங்களே உடைக்கிறோம் என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

1983 சட்டத்தை மாற்றப் போவதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு ஓடுகிறது. 2019-ல் ஒரு வரைவு வந்தது, 2021-ல் இன்னொன்று, 2025 அக்டோபரில் ‘வெளிநாட்டு இடம்பெயர்வு (வசதி மற்றும் நலன்) மசோதா’ என்ற பெயரில் மற்றொன்று. பெயர் அழகாகவே இருக்கிறது. எந்த வரைவானாலும் அதை எடைபோட ஒரே கேள்வி போதும்: ஊருக்குள் எத்தனை புதுக் குழுமங்கள், எத்தனை புதுப் படிவங்கள் என்று எண்ண வேண்டாம், தம்மாமிலும் ஓமனின் சலாலாவிலும் எத்தனை தொழிலாளர் அதிகாரிகளை அது சட்டப்படி உட்கார வைக்கிறது? அதற்கு அந்த மசோதா பதில் சொல்லாவிட்டால், மதராஸ் துறைமுகத்துப் பாதுகாவலருக்கு இன்னொரு புது நாற்காலி போட்டதாகவே அர்த்தம்.

அதுவரை நடைமுறை இதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ கிளம்புவதாக இருந்தால், ஏஜென்ட்டின் உரிம எண்ணை வாங்கி இ-மைக்ரேட் தளத்தில் ஒரு முறை தேடிப் பாருங்கள். சேவைக் கட்டணம் என்று வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் ஒரு செட் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். அசல் கஃபீலின் பெட்டிக்குள் போன பிறகு, தூதரகக் கவுன்டரில் அவருடைய பெயரைச் சொல்லும் காகிதம் அந்த நகல் ஒன்றுதான்.